கணக்கு நோட்டு அவிசுவாசமா?

கேள்வி: நானும் என் கணவரும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 சதவீதமாக உயர்த்திய பின் எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்து, ஒன்றரை ஷிப்ட் வேலை வாரத்தில் மூன்று நாள் வேலையாகிவிட்டது. குழுக் கடனுக்கோ வாராவாரம் தவணை கட்ட வேண்டும். ஒரு நோட்டில் வரவு செலவு எழுதத் தொடங்கினேன். "கர்த்தர் பார்த்துக்கொள்வார், கணக்குப் பார்ப்பது அவிசுவாசம்" என்கிறார் கணவர். ஜார்ஜ் முல்லர் மனிதர் எவரிடமும் கையேந்தாமல் அநாதைகளை வளர்த்ததைச் சுட்டிக்காட்டுகிறார். கடன் வாங்கியாவது தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) செலுத்த வேண்டும் என்றும் சொல்கிறார். நான் விசுவாசத்தில் குறைந்துபோனேனா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கணவர் சொல்லும் வார்த்தை நல்ல வார்த்தை, ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமே சொன்னது அது. "பலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே?" என்று மகன் கேட்டபோது, தேவன் பார்த்துக்கொள்வார் என்றார் தகப்பன். ஆனால் அதைச் சொன்ன நேரத்தில் அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. அதிகாலையில் எழுந்து, கழுதையின்மேல் சேணங்கட்டி, விறகைப் பிளந்து, மூன்று நாள் வழி நடந்து, கையில் நெருப்போடும் கத்தியோடும் மலையேறிக்கொண்டிருந்தார். ஆட்டோக்களின் பின்கண்ணாடியில் 'யேகோவாயீரே' (கர்த்தர் பார்த்துக்கொள்வார்) என்று ஒட்டிக்கொள்ளும் நாம் அந்த விறகை மறந்துவிடுகிறோம்.

உங்கள் நிலைமைக்கு இதைவிட நெருக்கமானது 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரம். கணவனை இழந்த ஒருத்தியின் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகப் பிடித்துக்கொள்ளக் கடன் கொடுத்தவன் வந்து நிற்கிறான். அவள் அதை மூடி மறைக்காமல் தீர்க்கதரிசி எலிசாவிடம் போய் முறையிடுகிறாள். அவரோ, "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது" என்று முதலில் இருப்பைத்தான் கேட்கிறார். ஒரு குடம் எண்ணெயைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அவளும் உள்ளதை உள்ளபடி சொல்கிறாள். பிறகு அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொல்கிறார். (அந்த அண்டைவீட்டார் என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.) பாத்திரங்கள் தீர்ந்தபோது எண்ணெயும் நின்றது. அதன்பின் வந்த கட்டளையின் வரிசையைக் கவனியுங்கள்: எண்ணெயை விற்று, முதலில் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு பிள்ளைகளோடு பிழைத்துக்கொள். அற்புதம் நடந்த வீட்டிலும் விற்பனை, கடனடைப்பு, மிச்சம் என்று ஒரு கணக்கு இருந்தது. உங்கள் நோட்டில் இருப்பதும் அதுதான். அதை அவிசுவாசம் என்று என்னால் சொல்ல முடியாது.

முல்லரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிஸ்டல் நகரில் 1836இல் அநாதை இல்லம் தொடங்கிய அவர் தேவைக்காக மனிதரிடம் கேட்பதில்லை என்று உறுதி பூண்டிருந்தது உண்மை. கடன் வாங்குவதில்லை என்பதும் அதே உறுதியின் பகுதி. வந்த காணிக்கைகளுக்கெல்லாம் கணக்கு வைத்து ஆண்டறிக்கையில் அச்சிட்டு வெளியிட்டவரும் அவரே. அவரைப் பின்பற்ற விரும்பும் உங்கள் கணவர் இந்த இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளட்டும்.

தசமபாகம் விளைச்சலிலிருந்து கொடுக்கப்பட்டது; கடன் விளைச்சல் அல்ல. இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே கொடுப்பது அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12இல் பவுல் தெளிவாக எழுதியிருக்கிறார். மூன்று நாள் கூலியில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்க மனமிருந்தால் கொடுங்கள். அதற்காக வட்டிக்கு வாங்காதீர்கள்.

இனி அந்தத் தவணை. சிறுகடன்களில் ஒரு குடும்பம் மாதந்தோறும் திருப்பிச் செலுத்தும் மொத்தத் தொகை அதன் மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டாதபடி பார்த்தே கடன் கொடுக்க வேண்டும் என்றும், காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி 2022இல் விதி வகுத்தது. பழைய வருமானத்தை வைத்து நிர்ணயித்த தவணை இப்போது பாதிக்கு மேல் போகக்கூடும். தவணை தவறிய பிறகு ஒளிந்துகொள்வதைவிட, அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன்பே நீங்கள் இருவரும் ஜெபித்துவிட்டு, கடன் கொடுத்த கிளைக்குச் சேர்ந்து போய், தவணைக் காலத்தை நீட்டித் தரும்படி கேளுங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்; அங்கே அதை விரித்துக் காட்டும் பொறுப்பு உங்கள் கணவருடையதாக இருக்கட்டும்.