ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு எண்: எதை நம்புவது?

ஒரே தேடுசொல்லுக்கு, கூகுள் தேடலில் முன்னே வருவது எவ்வளவு கடினம் என்று கணிக்கும் கருவிகளில் அஹ்ரெஃப்ஸ் 12, செம்ரஷ் 45 காட்டுகிறது, கூகுளின் விளம்பரக் கருவியான கீவேர்ட் பிளானரோ போட்டி 'குறைவு' என்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் பிளானரை ஒதுக்கி வையுங்கள். அது சொல்வது விளம்பரதாரர்களுக்குள் இருக்கும் போட்டியை. இலவசத் தேடல் முடிவுகளில் முந்துவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அஹ்ரெஃப்ஸ் எண், தேடல் முடிவுகளில் முதலில் வரும் 10 பக்கங்களுக்கு எத்தனை தளங்கள் இணைப்பு கொடுத்திருக்கின்றன என்பதை வைத்து வருவது. செம்ரஷ் இணைப்புகளோடு வேறு பல காரணிகளையும் சேர்த்துக்கொள்கிறது. அளவுகோலே வேறு, அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு, உங்கள் சொற்களை அதற்குள்ளேயே ஒப்பிடுங்கள்.

அப்புறம், அந்தச் சொல்லை நீங்களே தேடிப் பாருங்கள். எனக்கு எந்தக் கருவியையும்விட இதில்தான் நம்பிக்கை. முதல் பக்கத்தில் பழைய கேள்வி-பதில் இழைகளோ, தலைப்பில் அந்தச் சொல்லே இல்லாத பக்கங்களோ இருந்தால், அவற்றை முந்துவது எளிது; கருவி 45 என்றாலும் அந்தச் சொல்லுக்குத் தயங்காமல் எழுதுங்கள்.