பிரஜாவுரிமையும் ஒரு தாளும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் கூலி வேலைக்காக இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஒரு உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டாலே போதும் என்று ஆக்கியதை மெச்சியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துகிறது. எங்கள் தாலுகா ஆபீசில் சாதிச் சான்றிதழுக்கே மூன்று முறை அலையவிட்டார்கள். குடியுரிமையை இவ்வளவு லேசாகக் கொடுத்தால் கண்டவர்களும் நுழைந்துவிட மாட்டார்களா?

எஸ்., பொள்ளாச்சி

அன்புள்ள எஸ்.,

லேசாக என்கிறீர்கள். அந்தத் தாளுக்கு முன்னால் 55 வருடம் கிடக்கிறது.

1948இன் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், அதாவது குடியுரிமைச் சட்டம், உன் தகப்பன் இலங்கையில் பிறந்தவன் என்று காட்டு, இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றது. எழுத்தில் எல்லோருக்கும் ஒரே சட்டம்தான். ஆனால் ஊர்ச் சிங்களவரிடம் யாரும் பூட்டனின் பிறப்புப் பதிவைக் கேட்கவில்லை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருந்த தமிழரிடம் கேட்டார்கள்.

1949இல், பதிவு செய்துகொள்ளலாம் என்று இன்னொரு சட்டம் வந்தது. கல்யாணமானவர் ஏழு வருடம், ஆகாதவர் பத்து வருடம், 1946 ஜனவரி 1க்கு முன்பு விடாமல் இலங்கையில் இருந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்க இரண்டே வருடம் அவகாசம். வினை அந்த ‘விடாமல்’ என்ற சொல்லில் இருந்தது. இந்தியாவில் சொந்த ஊரில் ஒரு சாவு, தங்கச்சி கல்யாணம் என்று கப்பலேறிப் போய் ஒரு வருடத்துக்கு மேல் தங்கிவிட்டால் கணக்கு அறுந்துவிடும். சரி, இருந்ததை எதை வைத்துக் காட்டுவது? செக்ரோல் எனும் தோட்டத்து வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும். ஒரு தோட்டத்தில் ராமாயி, அடுத்த தோட்டத்தில் ராமி. கிளாக்கர் காதில் விழுந்ததுதான் பெயர். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. பதிவானவர்கள் ஒன்றரை லட்சத்தைக்கூட எட்டவில்லை.

பிறகு 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏழு பேருக்கு இந்தியா, நான்கு பேருக்கு இலங்கை என்ற விகிதத்தில் வேலை நடக்க வேண்டும். நான்கு பேருடைய இலங்கைப் பிரஜாவுரிமை, முன்பின் தெரியாத ஏழு பேர் ராமேஸ்வரம் கப்பலில் ஏறுவதில் தொங்கியது. 1984இல் கப்பலும் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் மலையிலேயே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். 2003இன் சட்டம் கதவை அகலத் திறந்துவிடவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தான 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசிக்கும் இந்திய வம்சாவளியினர், அவர்களுடைய சந்ததியினர், அவ்வளவுதான். 39 வருடத்துக்கு முந்தைய தேதிக்குள் புதிதாக யார் நுழைந்துவிட முடியும்? உறுதிமொழியில் சமாதான நீதவான் (Justice of the Peace) கையெழுத்திட வேண்டும்; இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவருக்கு அதற்கான ஆணையாளரின் கையெழுத்து வேண்டும். சட்டம் வந்த கையோடு தோட்டம் தோட்டமாக நடமாடும் முகாம்கள் போட்டார்கள். பத்து நாளில் சுமார் 1,90,000 பேருக்குப் பிரஜாவுரிமை கிடைத்ததாக அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பு பதிவு செய்திருக்கிறது. சட்டத்தில் மாறியது முக்கியமாக ஒன்றுதான்: நிரூபிக்கும் சுமை கூலிக்காரர் தலையிலிருந்து இறங்கியது. படிவத்தின் பக்கங்களைக் குறைப்பதை மட்டும் எளிமை என்று நான் சொல்ல மாட்டேன்.

குறையே இல்லை என்று சொல்லவும் வரவில்லை. இலங்கையில் நடந்த தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்குத் தப்பி, தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமுக்குப் போய்விட்டவர்கள் ‘நிரந்தரமாக வசிப்பவர்’ என்ற வரிக்குள் அடங்கவில்லை. அவர்களையும் சேர்க்க 2009இல் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. இங்கே இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே 2003ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில்தான் இந்தியா, ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ பதிவு செய்தோ விண்ணப்பித்தோ குடியுரிமை பெற முடியாது என்று அடைத்தது. பாட்டன் புதுக்கோட்டையிலிருந்து போனவனாக இருந்தாலும், ஆவணமில்லாமல் படகில் வந்திறங்கிய பேரன் அந்தப் பட்டியலில்தான். உங்கள் மாநிலத்து முகாம்களில் இன்றும் இருக்கிறார்கள், விசாரித்துப் பாருங்கள்.

தாலுகா ஆபீஸ் கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்களே, மூன்றாவது தடவையாவது சான்றிதழ் கிடைத்ததா?