ஞானஸ்நானமும் சாதிச் சான்றிதழும்

அன்புள்ள அண்ணா,

ஸ்தோத்திரம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சபைக்குப் போகிறது. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் இரண்டு பெயர். சபைப் பதிவேட்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. சான்றிதழில் நாங்கள் இந்து ஆதிதிராவிடர். போன வருடம் நான் ஞானஸ்நானம் எடுத்தேன். இப்போது போட்டித் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உள்ளதைச் சொன்னால் எஸ்.சி. ஒதுக்கீடு போய்விடும். "கடவுளுக்குத் தெரிஞ்சா போதும், தாசில்தாருக்கு எதுக்கு?" என்கிறார் அம்மா. போதகரிடம் கேட்டேன். பரலோகத்தில் பலன் மிகுதி என்றார். அவர் எங்கள் தெருவில் ஒரு நாள்கூடக் கை நனைத்ததில்லை. விலை கொடுப்பது எப்போதும் நாங்கள்தானா? பலன் என்று ஏதாவது இந்த உலகத்தில் உண்டா?

ம.

அன்புள்ள ம.,

உண்டு. அதைத் தர வேண்டியவர்கள்தான் தராமல் வைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோமே என்று பேதுரு கேட்கிறார். மாற்கு பத்தாம் அதிகாரம். அவரிடம் இயேசு பரலோகம்வரை பொறுத்திரு என்று சொல்லவில்லை. இம்மையிலேயே, துன்பங்களோடேகூட, வீடுகளும் சகோதரரும் சகோதரிகளும் தாய்களும் நிலங்களும் நூறத்தனையாகக் கிடைக்கும் என்கிறார். நித்திய ஜீவன் அதற்கு அடுத்துத்தான் வருகிறது. அந்த நூறு வீடுகள் எங்கே இருக்கின்றன? சபையார் குடியிருக்கும் வீடுகள்தான் அவை. உங்கள் போதகர் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் அதில் சேர்த்தி. கதவைச் சாத்திக்கொண்டு பரலோகத்தைக் காட்டுவது, கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆசீர்வதித்து அனுப்புவதற்குச் சமம்.

விலையை நீங்கள் மிகைப்படுத்தவில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பஞ்சாப் பக்கத்துச் சில சீக்கியச் சாதிகள் நீங்கலாக, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் மற்றச் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். 2007இல் மத்திய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையையே எடுத்துவிடச் சொன்னது. எடுக்கவில்லை. தமிழ்நாட்டில் நீங்கள் பி.சி. ஆகிவிடுவீர்கள்.

சூசை என்பவரின் வழக்கை நான் மறப்பதேயில்லை. சென்னை ரத்தன் பஜார் பக்கம் ரோட்டோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். 1982இல் அரசு செருப்புத் தைப்பவர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது இவருக்குக் கிடைக்கவில்லை, கிறிஸ்தவர் என்பதால். அதே ரோடு, அதே வெயில், அதே தொழில். உச்ச நீதிமன்றம்வரை போய் 1985இல் தோற்றார். மதம் மாறிய பிறகும் இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பது நிரூபிக்கப்படவில்லை என்றது தீர்ப்பு. நிரூபணம் நம் கையில்தான் இருந்தது. சாதிக்கொன்றாகப் பிரித்துப் போட்டிருக்கும் நம் கல்லறைத் தோட்டங்களைக் காட்டியிருக்கலாமே. புனிதர் தேவசகாயம் 1745இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர் வடக்கன்குளம். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியவர் என்று திருச்சபை புகழும் அந்த மனிதர் விசுவாசத்துக்காக 1752இல் உயிரையே கொடுத்தார். அதே ஊரில் பிற்பாடு கட்டிய ஆலயத்தில் சாதி பிரித்து உட்கார வைத்தார்கள். எனக்கு இது ஆறவே ஆறாது.

இனி விண்ணப்பம். குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்று, ஆலயத்துக்கும் போய்வந்த புதுச்சேரிப் பெண் ஒருவருக்கு எஸ்.சி. சான்றிதழ் கிடையாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே மறைப்பதில் ஆபத்து உண்டு. நான் அதற்காகச் சொல்லவில்லை. சபை நடுவில் வாய்விட்டு அறிக்கை செய்ததைத் தாலுகா ஆபீஸில் இல்லை என்று எழுத உங்களுக்கு மனம் வரவில்லை, வந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. உள்ளதை எழுதுங்கள். ஆனால் அம்மாவை ஒரு சொல் சொல்லாதீர்கள். பிள்ளைகளைப் படிக்கவைக்க அவருக்கு இருந்த ஒரே வழி அது. எதையும் இழக்காமல் கிறிஸ்தவர்களாக இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அவரை நியாயந்தீர்க்கத் தகுதி இல்லை.

விண்ணப்பத்தை அனுப்பிய கையோடு சபைக் கமிட்டியிடம் போங்கள். உங்கள் கோச்சிங் கட்டணத்தைக் கேளுங்கள். சிறுபான்மை உரிமையில் நம் திருச்சபைகள் நடத்தும் பள்ளி, கல்லூரிகளில் தலித் கிறிஸ்தவருக்கு எத்தனை வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று கணக்குக் கேளுங்கள். இது பிச்சை இல்லை. மாற்கு பத்தின்படி உங்களுக்கு வரவேண்டிய பாக்கி. கூட வர ஆள் வேண்டுமென்றால் தேதியைச் சொல்லுங்கள், நான் வருகிறேன்.