மூன்றரை வட்டியும் முக்கால் வட்டியும்

கேள்வி: எனக்கு 31 வயது. திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். பிடித்தம் போக 42,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி, 4 வயதில் ஒரு மகள். கிரெடிட் கார்டில் 68,000 பாக்கி. வங்கியில் 9 சதவீதத்துக்கு 1,50,000 நகைக்கடன். அதன் வட்டியைத் தவறாமல் கட்டிவிடுகிறேன். பெரியப்பா மகனிடம் வட்டியில்லாக் கைமாற்று 20,000. கையிருப்பு 25,000. மற்ற செலவு போக, கடனுக்கென்று மாதம் 8,000 ஒதுக்க முடியும். பண விஷயத்தை முறையாகக் கற்றுக்கொள்ளலாம் என்று இறங்கினேன். சபையில் ஒரு அண்ணன் அமெரிக்க நிதி ஆலோசகர் டேவ் ராம்சியின் பாடங்களைக் கொடுத்தார். அதில் கடனே கூடாது, கார்டை வெட்டிப் போடு என்கிறார்கள். ஆபீஸில் ஒருவர் ‘ரிச் டாட் புவர் டாட்’ கொடுத்தார். அது கடன் வாங்கியாவது சொத்து சேர் என்கிறது. மைத்துனர் கேஷ்ஃப்ளோ என்ற போர்டு கேமை ஆடினால் எல்லாம் புரியும் என்கிறார். எதைப் பின்பற்றுவது? கடன் முடியும்வரை தசமபாகத்தை (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) நிறுத்தலாமா? அந்த கேமை நானும் ஒன்று வாங்கலாமா?

பதில்: புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு கார்டு ஸ்டேட்மெண்டை எடுங்கள். அதில் மாத வட்டி என்று ஒரு வரி இருக்கும். பல கார்டுகளில் அது 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அதை நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் மூன்றரை வட்டி. வெளியில் ஒருவர் இரண்டு வட்டி கேட்டாலே முகம் சுளிக்கிறோம், மூன்று வட்டி என்றால் எழுந்து வந்துவிடுகிறோம். கார்டில் மூன்றரை வட்டி, அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 68,000-க்கு மாதம் சுமார் 2,800 ரூபாய் ஆகிறது. உங்கள் நகைக்கடனோ வருடத்துக்கு 9 சதவீதம், அதாவது மாதம் முக்கால் வட்டி. 1,50,000-க்கு மாதம் 1,125 ரூபாய்தான். கடன் என்ற ஒரே சொல்லுக்குள் இப்படி இரண்டு வேறு பிராணிகள் இருக்கின்றன. ராம்சி, ‘ரிச் டாட்’ எழுதிய கியோசாகி இருவரையும் இந்த இடத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

ராம்சி ஏன் கடன் என்றாலே அப்படிச் சீறுகிறார் என்பதற்கு ஒரு கதை உண்டு. இளம் வயதில் கடன் வாங்கி ரியல் எஸ்டேட்டில் இறங்கி, 1988-இல் திவாலானவர். சுட்டுக்கொண்டவர் சொல்வதால் அந்தப் பேச்சில் சூடு இருக்கிறது. அவர் சொல்லும் வரிசைப்படி, வட்டி விகிதத்தைப் பார்க்காமல் சின்னக் கடனை முதலில் அடைக்க வேண்டும். ஒன்று முடிந்ததும் வரும் தெம்பில் அடுத்ததைப் பிடிக்கலாம் என்பது கணக்கு. அது மனசுக்கான கணக்கு, பொய்யும் இல்லை. ஆனால் உங்கள் நிலைமையில் அதற்கு என்ன விலை என்று போட்டுப் பார்த்தேன்.

அந்த வரிசைப்படி போனால் முதலில் பெரியப்பா மகனின் 20,000. அதுவரை கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகையாக மாதம் 3,400 கட்டுவதாக வைத்துக்கொள்வோம், மீதி 4,600 அவருக்கு. அவர் கடன் ஐந்தாம் மாதம் முடியும், கார்டு பதினைந்தாம் மாதம் முடியும். வட்டியும் வரியுமாகப் போவது ஏறக்குறைய 28,000. அதையே திருப்பி, 8,000 முழுவதையும் கார்டில் போட்டால் பதினோராம் மாதம் கார்டு முடிகிறது, பதினான்காம் மாதத்தில் கைமாற்றும் முடிகிறது. போவது 17,500. வித்தியாசம் சுமார் 10,500 ரூபாய். ‘முதல் கடன் முடிந்தது’ என்ற தெம்புக்கு இந்த விலை கொஞ்சம் ஜாஸ்தி.

கையிருப்பு 25,000-இல் 10,000-ஐ இந்த வாரமே கார்டில் போட்டுவிடுங்கள். பதினோரு மாதம் ஒன்பதாகக் குறையும், வட்டியும் 12,400 அளவில் நிற்கும். மீதி 15,000 அவசரத்துக்கு இருக்கட்டும். ராம்சி முதலில் 1,000 டாலர் சேர்த்து வை என்கிறார். அதை இன்றைய டாலர் விலையால் பெருக்கிப் பார்க்க வேண்டாம். வாடகை, மளிகை, பள்ளி வேன், பால் இவை ஒரு மாதத்துக்கு எவ்வளவோ அதுதான் உங்கள் ஆயிரம் டாலர். இப்போது அதில் பாதிதான் கையில் இருக்கும். கார்டு முடிந்ததும் மீதியைச் சேர்த்துக்கொள்ளலாம். அடகு வைக்காத நகை இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. அதை வைத்து கார்டை ஒரே அடியில் அடைத்துவிட்டால் மூன்றரை வட்டி முக்கால் வட்டியாகிவிடும். ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. காலியான கார்டு ஆறு மாதத்தில் மறுபடி நிரம்பி, நகையும் உள்ளே போன வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் கார்டை வெட்டிப் போடு என்பதில் மட்டும் ராம்சி பேச்சை அப்படியே கேளுங்கள். பாக்கி இருக்கும்போது புதிதாகத் தேய்ப்பதற்கு வட்டியில்லா நாட்களும் கிடைக்காது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பெரியப்பா மகனுக்கு இன்றைக்கே போன் போடுங்கள். “அண்ணா, அடுத்த வருஷம் இந்த மாசத்துக்குள்ள முடிச்சிடுறேன், நடுவுல ஏதும் தேவைன்னா சொல்லுங்க” என்று ஒரு வார்த்தை. அந்தக் கடனுக்கு வட்டி கிடையாது, ஆனால் தேதி சொல்லாமல் இருந்தால் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது முகம் கொடுத்துப் பேச முடியாது. நிதிப் புத்தகங்கள் இதைக் கணக்கில் எழுதுவதில்லை. வேதங்கள் எழுதுகின்றன.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எந்த மதத்தின் பண அறிவுரையையும் நான் அலட்சியமாகப் பார்ப்பதில்லை. “கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை” என்ற நீதிமொழியை உங்கள் சபையில் நூறு முறை கேட்டிருப்பீர்கள். அதே புத்தகம் பிறருக்காகப் பிணை நிற்காதே என்றும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எச்சரிக்கிறது. அதை அவ்வளவாகப் பிரசங்கிப்பதில்லை. நண்பருடைய லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும். குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதி வைப்பதைப் பற்றி. இன்னொன்று: ஜகாத் என்ற இஸ்லாமியக் கட்டாய தானத்தைக் கொடுப்பவர் வருடத்துக்கு ஒருமுறை ரொக்கம், தங்கம், சரக்கு, வரவேண்டியது, கொடுக்கவேண்டியது என்று உட்கார்ந்து பட்டியல் போட்டால்தான் அந்த இரண்டரை சதவீதத்தைக் கணக்கிட முடியும். ஒரு ஆடிட்டர் போடும் ஐந்தொகைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்த பாட்டிகளுக்கும் இது தெரியும். எவ்வளவு முடை வந்தாலும் அந்த முடிச்சில் கை போகாது. அவசர நிதியைத் தனிக் கணக்கில் போடச் சொல்லி நான் கத்துவதும் இதைத்தான்.

குறள் இன்னும் ஒரு படி மேலே.

“ஆகாறு அளவிட்டி தாயினும் கேடில்லை
போகாறு அகலாக் கடை.”

வரும் வழி சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, போகும் வழி அதைவிட அகலாமல் இருந்தால் போதும் என்கிறார். இதில் கடன் நல்லதா கெட்டதா என்ற சண்டையே இல்லை, வாய்க்கால் அளவு மட்டும்தான்.

தசமபாகம். அதை நிறுத்து, நிறுத்தாதே என்று சொல்ல நான் யார்? அது உங்களுக்கும் உங்கள் விசுவாசத்துக்கும் இடையில். ராம்சியே கடனில் இருக்கும்போதும் கொடுக்கச் சொல்பவர்தான். நான் சொல்வது இரண்டு. கொடுப்பதென்றால் அது வரவுசெலவின் முதல் வரியில், வாடகைக்கும் மேலே, தொகையோடு எழுதப்பட்டிருக்கட்டும். நீங்கள் சொல்லும் 8,000 அது போக மிஞ்சுவதா என்று ஒருமுறை சரிபாருங்கள், இல்லையென்றால் என் கணக்கு முழுக்கத் தப்பு. அடுத்தது, விதைத்தால் நூறு மடங்கு வரும் என்று கூட்டத்தில் எழுப்பிவிட்டுக் கேட்கும் காணிக்கை வேறு, தசமபாகம் வேறு. கார்டில் தேய்த்துக் கொடுக்கும் காணிக்கைக்கு மூன்றரை வட்டி உண்டு.

மதத்தின் வழியாக வரும் பண யோசனையில் எனக்குப் பயம் ஒரே இடத்தில்தான். நம்ம சபை ஆள், நம்ம ஜமாத் ஆள், நம்ம கோயில் கமிட்டி ஆள் நடத்தும் சீட்டு, டெபாசிட். ஜெபத்தோடு ஆரம்பித்தால் ரசீது கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேளுங்கள். சீட்டு என்றால் 1982-ஆம் ஆண்டு சிட்ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். ஊரில் டெபாசிட் திரட்டுகிறார்கள் என்றால் யார் அனுமதித்தது என்று ஒரு கேள்வி. அனுமதியில்லாத டெபாசிட்டைத் தடை செய்ய 2019-இலேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. பதில் மழுப்பலாக வந்தால் வணக்கம் சொல்லி வந்துவிடலாம், உறவு கெடாது.

சரி, கியோசாகி. 1997-இல் வந்த புத்தகம். அதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒரு வரி: உங்கள் பைக்குள் பணம் போடுவது சொத்து, எடுப்பது பாரம். அதற்காக அந்தப் புத்தகத்தை நான் இன்றும் சிபாரிசு செய்வேன். கடன் வாங்கி வாடகை வீடு வாங்கு என்பதைத் திருப்பூர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள். 40 லட்சத்துக்கு ஒரு வீடு, 32 லட்சம் கடன், எட்டரை சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 27,800. அந்த வீட்டுக்கு வாடகை 10,000 வந்தால் பெரிது. மீதி 17,800 மாதாமாதம் உங்கள் பையிலிருந்து போகிறது. அவர் இலக்கணப்படியே அது பாரம். அமெரிக்காவில் 30 வருடத்துக்கு வட்டி மாறாத வீட்டுக்கடன் சாதாரணம், நமக்கு ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி ஏறினால் தவணையும் ஏறும். இதெல்லாம் அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்காது, அது நமக்காக எழுதியதும் இல்லை.

மருத்துவமும் அப்படித்தான். உங்கள் சம்பளம் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.-யின் வரம்பான 21,000-ஐத் தாண்டிவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், அதிலும் இடமில்லை. கம்பெனியில் குழுக் காப்பீடு இருக்கிறதா, அதில் மனைவியும் மகளும் உண்டா என்று நாளைக்கே ஹெச்.ஆரிடம் கேளுங்கள். இல்லையென்றால் கார்டு முடியும்வரைகூடக் காத்திருக்காமல் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டர் காப்பீடு எடுக்க வேண்டும். கடன்பட்டவர்கள் பலரை நான் பார்த்ததில், ஆடம்பரத்தால் விழுந்தவர்களைவிட ஒரு ஆஸ்பத்திரி பில்லில் விழுந்தவர்கள்தான் அதிகம்.

ஆட்டத்துக்கு வருவோம். கேஷ்ஃப்ளோவை கியோசாகி புத்தகத்துக்கு முன்பே, 1996-இல் கொண்டு வந்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆடியபோது தொழில் சீட்டில் எனக்கு டாக்டர் கார்டு விழுந்தது. பெரிய சம்பளம், அதைவிடப் பெரிய செலவுகள். எதிரே துப்புரவுத் தொழிலாளி கார்டு வாங்கிய பையன் எனக்கு முன்னால் வெளியே போய்விட்டான். செலவைத் தாண்டி சொத்து வருமானம் வந்தால்தான் சுற்றிலிருந்து வெளியேற முடியும். அவனுக்குத் தாண்ட வேண்டிய சுவர் குட்டை. இதை வார்த்தையில் நூறு தடவை சொன்னாலும் அந்த அரை மணி நேரக் கடுப்பு தரும் பாடத்தைத் தராது. இன்னொரு வேடிக்கை, அந்த ஆட்டத்தில் வங்கிக் கடனுக்கு மாதம் பத்து சதவீதம். நம்மூரில் பத்து வட்டி என்றால் கந்துவட்டி, 2003-இல் சட்டம் போட்டுத் தடுத்தது.

ஆனால் ஆட்டத்தில் நல்ல டீல் சீட்டாக வந்து கையில் விழுகிறது. வாழ்க்கையில் டீல் என்று வருவது பெரும்பாலும் யாரோ நம் தலையில் கட்டப் பார்ப்பது. பங்குச்சந்தையை விளையாட்டாகக் கற்றுத்தரும் மெய்நிகர் டிரேடிங் ஆப்களிலும் இதே குறை. பொய்ப் பணம் போனால் வயிற்றைக் கலக்குவதில்லை. அங்கே ஜெயித்த தைரியத்தில் எஃப் அண்ட் ஓ எனும் பங்கு ஒப்பந்த வர்த்தகத்தில் இறங்குகிறவர்களுக்கு ஒரு எண்: 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளை பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி ஆராய்ந்ததில் தனிநபர் டிரேடர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டத்தில்.

நீங்களும் மனைவியும் வீட்டிலேயே ஆட ஒரு ஆட்டம் சொல்கிறேன். பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி 12 சீட்டு செய்யுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல், 3,000. ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் போச்சு. தீபாவளி போனஸ். மாமன் வீட்டுக் கல்யாணம், மொய் 5,000 (மொய் நோட்டும் ஒரு கடன் பேரேடுதான், மறந்துவிட வேண்டாம்). ஒரு சீட்டில் ‘ஆர்டர் நின்றது, இரண்டு மாதம் பாதிச் சம்பளம்’ என்று எழுதுங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது உங்கள் ஊர் இருந்த நிலையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உண்மையான 42,000-ஐ எழுதிக்கொண்டு மாதத்துக்கு ஒரு சீட்டாக எடுத்து, ஒரு வருடம் ஓட்டிப் பாருங்கள். அரை மணி நேரம் ஆகும். எந்தச் சீட்டில் கார்டைத் தேடிக் கை போகிறதோ அந்தச் செலவுக்கு ஒரு தனி உறை போடுங்கள்.

கேஷ்ஃப்ளோ பெட்டியைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், கார்டு முடிகிறவரை நிச்சயமாக வேண்டாம். அதில் ஒவ்வொருவரும் தன் கணக்கைத் தானே எழுத வேண்டும், பக்கத்தில் இருப்பவர் ஆடிட்டராக அதைச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. ஞாயிறு மதியம் மைத்துனர் வீட்டுக்கே போய் ஆடுங்கள், உங்கள் பக்கத்தில் மனைவியை உட்கார வையுங்கள்.