பலாவையும் தந்தால் கூலி வேண்டாம்

கேள்வி: வெள்ளவத்தையில் ஓர் அரச பாடசாலையின் அபிவிருத்திச் சங்கச் செயலாளர் நான். மதிலோரம், பாடசாலையை நிறுவிய பெரியவர் நட்ட மாரா மரம் நிற்கிறது. 2025 நவம்பரில், டித்வா புயல் வாரத்தில் அதன் கிளையொன்று முறிந்து பக்கத்து வீட்டு ஓட்டையும் காரின் கண்ணாடியையும் உடைத்துவிட்டது. வீட்டுக்காரர் 385,000 ரூபா கேட்கிறார். இலை விழுகிறது, பிள்ளைகள் சத்தம் என்று மூன்று வருடமாகச் சண்டை பிடிப்பவர். பிள்ளைகள் முன்னிலையில் அதிபரைத் தூஷணத்தால் பேசியவர். கிளை பழுது என்று 2025 ஜனவரியில் பதிவுத் தபாலும் அனுப்பினார். இயற்கை அனர்த்தத்துக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு? அவர் மீது மானநட்ட வழக்குப் போடலாமா? ஏப்ரல் விடுமுறையில் மரத்தை மொட்டையடிக்க ஒருவரைப் பேசியிருக்கிறோம். பக்கத்தில் நிற்கும் பலாவையும் தந்தால் கூலி வேண்டாம் என்கிறார்.

பதில்: ஐந்து பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் வேண்டியது ஒரு வரிதான்: ஜனவரிப் பதிவுத் தபால்.

புயலில் நல்ல மரம் முறிந்தால் கடவுட் செயல் என்று வாதாடலாம். கிளை பழுது என்று பத்து மாதத்துக்கு முன்பே எழுத்தில் வந்துவிட்ட மரத்துக்கு அந்த வாதம் நிற்காது. எங்கள் உரோமன் டச்சுச் சட்டத்தில் கவனயீனத்துக்குக் கேட்கும் கேள்வி எளியது: நடக்கும் என்று முன்கூட்டியே தெரியக்கூடியதாக இருந்ததா, தெரிந்தும் என்ன செய்தீர்கள்? நீங்கள் கோப்பில் போட்டீர்கள். அதோடு, 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் மீது மரம் விழுந்து ஐந்து பேர் இறந்த பிறகு, கொழும்பில் எந்த நிறுவனமும் பழைய மரம் விழும் என்று நினைக்கவில்லை எனச் சொல்லிவிட முடியாது. அந்தக் கடிதத்தை இப்போது கோப்பிலிருந்து காணாமல் போக்கும் எண்ணமும் வேண்டாம். தபால் பற்றுச்சீட்டு அவரிடம் இருக்கும்.

அவர் பேசிய தூஷணத்துக்கும் முறிந்த கிளைக்கும் சம்பந்தமில்லை. மானநட்டத்தை மறந்துவிடுங்கள். நிறுவிய பெரியவர் நட்ட மரம் என்பதும் உங்களுக்கு உதவாது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களோடு அரசு பொறுப்பேற்ற பாடசாலை என்று நீங்களே எழுதுகிறீர்கள். நிலத்தோடு மரமும் அப்போதே போய்விட்டது. ஆகவே அவர் வழக்குப் போட்டால் ஒரு மாத அறிவித்தல் கொடுத்துவிட்டு, அரசின் சார்பில் சட்டமா அதிபரைத்தான் எதிராளியாக்குவார். அதற்கு அவருக்கு 2027 நவம்பர் வரை காலம் இருக்கிறது.

இந்த வழக்கு பணத்தோடு முடிந்துவிடும். நான் பயப்படுவது நீங்கள் கடைசியாக, போகிற போக்கில் எழுதியிருக்கும் பலாவுக்கு.

சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு சங்கத்தின் பொருளாளர் என் கட்சிக்காரர். நல்ல மனிதர், சங்கத்துக்குச் செலவு மிச்சம் என்று நினைத்தார். சனிக்கிழமை காலை தறித்தார்கள். பின்னேரம் லொறி கேற்றைத் தாண்டும்போது எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ போனில் படம் எடுத்தார்கள். அடுத்த சந்தியில் பொலிஸார் மறித்து அனுமதிப்பத்திரம் கேட்டார்கள். லொறிக்காரர் நீட்டியது சங்கத்தின் முத்திரை குத்திய ஒரு துண்டுக் கடிதம். கீழே என் கட்சிக்காரரின் கையொப்பம். திங்கட்கிழமை அவரை நான் சந்தித்தது நீதிமன்றச் சிறைக்கூட்டுக் கம்பிக்கு இப்பால் நின்று. சாரத்தோடு நின்றார்.

பலாவைத் தறிக்க அனுமதி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் பெயர் சொல்லியே காக்கிறது. அந்தக் குற்றம் சிறியது. பெரியது, அரச காணியில் நின்ற மரத்தை ஒருவருக்குக் கூலியாகக் கொடுத்தது. அதற்கு 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துச் சட்டம் இருக்கிறது. பெறுமதி சட்டம் சொல்லும் தொகைக்கு மேல் என்று ஓர் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் சான்றிதழ் கொடுத்தால், விதிவிலக்கான காரணம் காட்டினாலொழிய நீதவான் பிணை தரமாட்டார். விளைந்த பலாவின் அடிமரம் என்ன விலை போகும் என்று மொரட்டுவைத் தளபாடக் கடைக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். இலவசமாக வர ஒருவர் ஏன் துடிக்கிறார் என்று விளங்கும். ‘என் சட்டைப்பைக்குள் ஒரு சதமும் போகவில்லை’ என்பது தண்டனையைக் குறைக்கலாம். குற்றத்தை அழிக்காது.

மொட்டையடிப்பதற்கும் வருகிறேன். மரம் பற்றி நான் படித்தது கூண்டில் நின்ற நிபுணர்களிடம்தான். உச்சியைத் தறித்தால் வெட்டுவாய் உக்கும். அதைச் சுற்றிக் கொத்தாகத் தளிர் வெடிக்கும். மேற்பட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கிளைகள் நாலைந்து வருடத்தில் பாரமாகி, பழையதைவிட இலகுவில் முறியும். அப்போது விழுவது இயற்கை வளர்த்த கிளை அல்ல, நீங்கள் வளர்த்த கிளை. பழுதான கிளையை மட்டும் எடுப்பதென்றால் முதலில் கீழிருந்து அரைகுறையாக ஒரு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து ஒரு வெட்டு; பாரம் இறங்கிய பிறகு, அடியில் தடித்திருக்கும் வளையத்தைக் காயப்படுத்தாமல் கடைசி வெட்டு. கூலியாளைத் தேடிக் கோரும் கேள்விப்பத்திரத்தில் (டெண்டரில்) இதை எழுதுங்கள். கூலியாளுக்குக் காப்புறுதி இருக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். கயிறும் சங்கிலி வாளுமாக வருபவர் கீழே விழுந்தால், ‘அவர் ஒப்பந்தக்காரர், எங்கள் ஆள் அல்ல’ என்று தப்பப் பார்ப்பீர்கள். தகுதியில்லாதவர் என்று தெரிந்தே பிடித்தவருக்கு அந்தக் கதவு திறக்காது. இவை எல்லாம் வலயக் கல்விப் பணிமனையும் பிரதேச செயலகமும் எழுத்தில் ‘ஆம்’ சொன்ன பிறகுதான்.

பக்கத்து வீட்டுக்காரரோடு சமரசமாகப் போங்கள். 385,000 கொடுக்க வேண்டியதில்லை. ஓட்டுக்கும் கண்ணாடிக்கும் பற்றுச்சீட்டைக் கேளுங்கள், பாதிக்குக் கீழே வந்துவிடும் என்று நினைக்கிறேன். அதிபர் எதிலும் கையொப்பமிடக் கூடாது, அரசைக் கட்டுப்படுத்த அவருக்கு அதிகாரமில்லை. மரத்தின் மேல் அவ்வளவு பாசமுள்ள பழைய மாணவர் சங்கம், பொறுப்பை ஏற்காமல், நல்லெண்ணத்தின் பேரில் காசோலையாகக் கொடுக்கட்டும். பாடசாலை, அரசு, சங்கம் எவர் மீதும் இனிக் கோரிக்கை இல்லை என்று அவரிடம் எழுதி வாங்குங்கள். அதுவரை சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

தறிக்க வருபவருக்கு இன்றைக்கே போன் எடுத்து வேண்டாம் என்று சொல்லுங்கள். முற்பணம் கொடுத்திருந்தால் அதைத் திருப்பிக் கேட்டும் மினக்கெட வேண்டாம்.