நகையை அடகு வைக்கும் முன்

அன்புள்ள அக்கா,

என் ஊர் திருகோணமலைக்குப் பக்கத்தில் சாம்பல்தீவு. உயர்தரத்தில் புவியியல், தமிழ், இந்து நாகரிகம் எடுத்து எழுதினேன். மூன்றும் சித்தி, ஆனால் கம்பஸ் கிடைக்காது. எனக்கு ஐடி துறைக்குப் போக விருப்பம். டவுனில் ஒரு இடத்தில் ஆறு மாத டிப்ளோமா இருக்கிறது. வேர்ட், எக்செல், போட்டோஷொப், ஹார்ட்வெயார், வெப் டிசைனிங், சிசிஎன்ஏ என்ற நெட்வேர்க் படிப்பு எல்லாம் சேர்த்துச் சொல்லித் தருவார்களாம், வேலை நிச்சயம் என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் கட்டினால் கழிவும் உண்டு. மற்றது, கொழும்பில் மாமி வீட்டில் தங்கி ஒரு தனியார் நிறுவனத்தில் வெளிநாட்டு டிகிரி செய்யலாம். அதற்குக் காசு நிறைய வேண்டும். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா தன் நகையை அடகு வைக்கலாம் என்கிறா. அண்ணா, ஆர்ட்ஸ் படித்த உனக்கு ஐடி சரிவராது, இனி எல்லாவற்றையும் ஏஐ செய்துவிடும், விடு என்கிறார். எதில் சேரட்டும்? என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள தங்கச்சி,

முதலில் ஒன்று. இந்த மாதக் கடைசிக்குள் எந்த இடத்திலும் ஒரு சதமும் கட்ட வேண்டாம். அந்தக் கழிவு அடுத்த மாதமும் வரும், பெறுபேறு வெளியாகும் ஒவ்வொரு முறையும் வரும்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கோர்ஸ்களைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் என்ன வேலை செய்ய விருப்பம் என்று ஒரு வரியும் இல்லை. அது உங்கள் பிழை இல்லை, எங்கள் ஊரில் யாரும் பிள்ளைகளிடம் அதைக் கேட்பதில்லை, 'கொம்பியூட்டர் படி' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் ஐடி என்பது ஒரே வேலை இல்லை. புரோகிராம் எழுதுகிறவர் ஒருவர். எழுதியது சரியாக ஓடுகிறதா என்று ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்து, எங்கே உடைகிறது என்று எழுதிக் கொடுக்கும் டெஸ்டர் இன்னொருவர். நெட்வேர்க்கையும் சேர்வரையும் பார்த்துக்கொள்பவர், தரவை எடுத்து ஆராய்பவர், திரையில் எது எங்கே வர வேண்டும் என்று வடிவமைப்பவர், வாடிக்கையாளரின் முறைப்பாட்டைக் கேட்டுத் தீர்த்து வைப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் தேவையான படிப்பு வேறு, குணமும் வேறு. எது உங்களுக்குப் பிடிக்கும் என்பது நோட்டீசைப் பார்த்துத் தெரியாது, செய்து பார்த்தால்தான் தெரியும்.

செய்து பார்க்கக் காசும் தேவையில்லை. மொரட்டுவைப் பல்கலைக்கழகம் தொடக்கநிலை ஆட்களுக்கென்று பைதன் என்ற புரோகிராம் மொழி, வெப் டிசைன் பாடங்களை ஒன்லைனில் இலவசமாகவே தருகிறது, அவற்றை முடித்தால் அதே வரிசையில் அடுத்த பாடங்களுக்குப் போகலாம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 பாடமும் இலவசம்தான். அது கடினம், ஆனால் முதல் வாரத்தில் ஸ்க்ராட்ச் என்னும் குழந்தைகளுக்கான கருவியில் தொடங்குவதால் பயப்படத் தேவையில்லை. இரண்டு மாதம் இவற்றில் ஒன்றோடு இருந்து பாருங்கள். போனில் வீடியோ பார்த்தால் மட்டும் போதாது, கீபோர்டில் கை வைக்க வேண்டும். வீட்டில் லப்டொப் இல்லையென்றால் மாமி வீட்டிலோ சிநேகிதியிடமோ ஒரு பழையதை இரவல் கேளுங்கள். காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் முதல் செலவு அதற்காகவே இருக்கட்டும்.

இனி அந்த ஆறு மாத டிப்ளோமா. அந்தப் பட்டியலைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். வேர்ட், எக்செல் கந்தோர் வேலைக்கு உரியவை. போட்டோஷொப் அச்சகத்துக்கும் விளம்பர வேலைக்கும் உரியது. ஹார்ட்வெயார் ஒரு தனித்தொழில். வெப் டிசைனிங்கை ஒழுங்காகப் படிக்கவே ஆறு மாதம் பிடிக்கும். இத்தனையும் சேர்ந்து ஆறு மாதத்தில் என்றால் ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வாரம், ஒன்றிலும் ஆழம் வராது. எழுதுவினைஞர் வேலைக்கோ கடையில் கணக்குப் பார்க்கவோ போகிற பிள்ளைக்கு எக்செல் நன்றாகத் தெரிந்திருப்பது பெரிய பலம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்பது வேறு துறை.

சிசிஎன்ஏ பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், இதில் பல பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். அந்தச் சான்றிதழைத் தருவது சிஸ்கோ கம்பனி. அவர்கள் வைக்கும் 120 நிமிடப் பரீட்சை ஒன்று இருக்கிறது, அதற்கு டொலர் கணக்கில் தனியாகக் கட்டணம் கட்டி, அதை எழுதிச் சித்தியடைந்தால்தான் சிசிஎன்ஏ, அதுவும் 3 வருடத்துக்குத்தான் செல்லும். கோர்ஸ் முடித்ததற்கு நிறுவனம் தானே அச்சடித்துத் தரும் தாளில் சிசிஎன்ஏ என்று போட்டிருந்தாலும் அது அந்தச் சான்றிதழ் ஆகாது. கோர்ஸ் காசுக்குள் பரீட்சைக் கட்டணமும் அடங்குமா என்று கேட்டுப் பாருங்கள், பதில் எப்படி வருகிறது என்பதிலேயே பாதி விளங்கிவிடும்.

அந்த இடத்துக்கு நேரில் போங்கள், ஆனால் வகுப்பு நடக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். பிள்ளைகள் வெள்ளைப் பலகையைப் பார்த்துக் கொப்பியில் குறிப்பு எழுதுகிறார்களா, அல்லது திரைக்கு முன்னால் இருந்து எதையாவது செய்து, பிழைவிட்டு, திருத்துகிறார்களா? ஒரு கணினிக்கு எத்தனை பேர்? ஒரு வகுப்பில் இருந்து பார்க்கலாமா என்று கேளுங்கள், விடாத இடம் என்றால் எனக்கு அந்த இடத்தில் நம்பிக்கை வராது. படிப்பிக்கிறவர் அந்த வேலையை எங்காவது செய்கிறாரா, அல்லது போன வருடம் அதே கோர்ஸை முடித்தவரா என்பதையும் விசாரியுங்கள். போன தொகுதியில் படித்த இரண்டு பேரோடு கதைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். வேலை நிச்சயம் என்றால் எந்தக் கம்பனி, என்ன வேலை, கிடைக்காவிட்டால் காசு திரும்ப வருமா, இதையெல்லாம் எழுத்தில் தரச் சொல்லுங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்த நிறுவனமா, கோர்ஸ் என்விகியூ என்ற தேசிய தொழிற்தகைமை மட்டம் உள்ளதா என்று கட்டாயம் பாருங்கள். என்விகியூவில் 7 மட்டங்கள் இருக்கின்றன, 5ம் 6ம் டிப்ளோமா மட்டங்கள், 7 பட்டத்துக்குச் சமம். வெறுமனே 'டிப்ளோமா' என்று பெயர் வைத்துக்கொள்வதற்கும் 5ஆம் மட்டத்துக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது, நாளைக்கு அரச வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தூரம் உங்களுக்குத் தெரியவரும்.

கொழும்பு டிகிரியை நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அப்படிப் படித்து நல்ல இடத்தில் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை இங்கே ஏற்றுக்கொள்கிறார்களா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் போகக் கூடாது. அதைவிட, கடலை நம்பி இருக்கிற வீட்டில், வாடைக்காலத்தில் படகு கரையில் கிடக்கும் மாதங்களிலும் கட்டணமும் வட்டியும் வந்துகொண்டே இருக்கும். இன்னும் ஒரு நாள்கூடச் செய்து பார்க்காத வேலைக்காக அம்மாவின் நகையை வைப்பதை நினைக்க எனக்கு மனம் பதறுகிறது. செய்து பார்த்து, இதுதான் என்று தெரிந்த பிறகு அந்த முடிவை எடுத்தால் அது வேறு கதை.

அதற்கு முன் பார்க்க வேண்டிய வாசல்கள் வேறு இருக்கின்றன. எங்கள் ஊரிலேயே உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் இருக்கிறது. எஸ்எல்ஐஏடிஇ என்ற அரச நிறுவனத்தின் கீழ் வருவது. அதன் நிறுவனங்களில் நடக்கும் தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமாவைத் தொழில்துறை நன்றாக அறியும். இந்த வருடம் எங்கெங்கே எடுக்கிறார்கள், தகைமை என்ன என்று அவர்களின் விண்ணப்ப அறிவித்தலை வாசியுங்கள். தொழில்நுட்பக் கல்லூரியிலும் போய்க் கேளுங்கள். அப்புறம் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பிஐடி என்ற தகவல் தொழில்நுட்பப் பட்டம். 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கும் வெளிவாரிப் பட்டம், 3 வருடம், முதல் வருடத்தோடு நின்றால் டிப்ளோமா, இரண்டாவதோடு நின்றால் உயர் டிப்ளோமா, மூன்றையும் முடித்தால் பட்டம். வீட்டில் இருந்தே படிக்கலாம், செலவு தனியார் டிகிரியோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. ஆனால் முழுக்க ஆங்கிலம், தானாக இருந்து படிக்கும் பழக்கம் வேண்டும், அது இல்லாதவர்கள் முதல் வருடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அந்த இலவசப் பாடத்தோடு இரண்டு மாதம் இருக்க முடிந்ததா என்பதை வைத்தே பிஐடி உங்களுக்கு ஒத்துவருமா என்று சொல்லிவிடலாம்.

அண்ணா சொன்ன ஆர்ட்ஸ் விஷயத்தில் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. பெரும்பாலான வெப் வேலைக்குப் பள்ளிக்கூடக் கணக்கும் ஒழுங்காக யோசிக்கும் பொறுமையும் போதும். நீங்கள் புவியியல் படித்தவர். க்யூஜிஐஎஸ் என்று வரைபடங்களுக்கான மென்பொருள் ஒன்று இருக்கிறது, முற்றிலும் இலவசம். வெள்ளம் எங்கே வரும், கரை எவ்வளவு அரித்திருக்கிறது, எந்தக் கிராமத்துக்குத் தண்ணீர் இல்லை என்பதையெல்லாம் அதில் வரைபடமாகப் பார்க்கலாம், பைதன் தெரிந்தால் அதற்குள்ளேயே புரோகிராமும் எழுதலாம். 2004 சுனாமியைக் கண்ட கரை இது, இங்கே அந்த வேலைக்குத் தேவை இருக்கிறது. வரைபடத்தை வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு அந்தப் பக்கம் ஒரு வழி திறந்தே கிடக்கிறது. தமிழும் அப்படித்தான். இந்த நாட்டில் வங்கிச் செயலி முதல் அரச இணையத்தளம் வரை மூன்று மொழியிலும் வர வேண்டும், தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் எழுத்து உடைந்தும் வசனம் விளங்காமலும் கிடக்கும். அதைக் கண்டுபிடித்துச் சொல்லத் தமிழ் நன்றாகத் தெரிந்த டெஸ்டர் வேண்டும்.

ஏஐ பற்றி அவர் சொன்னதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. சாதாரண வெப் பக்கம் ஒன்றை இப்போது அது சில நிமிடத்தில் செய்து தரும். அதனால் பக்கம் செய்ய மட்டும் சொல்லித் தரும் கோர்ஸின் பெறுமதி குறைந்துவிட்டது. ஆனால் அது எழுதித் தந்ததை வாசித்து எங்கே பிழை என்று சொல்லவும், தரவை எப்படி அடுக்கினால் நாளைக்குச் சிக்கல் வராது என்று தீர்மானிக்கவும் ஆள் வேண்டும். எனவே அடிப்படையை ஆழமாகப் படியுங்கள்: ஒரு புரோகிராம் மொழி, தரவைச் சேமித்துத் தேடும் எஸ்கியூஎல், எழுதியதில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட். முதலில் நீங்களே எழுதிப் பாருங்கள், மாட்டிக்கொண்டால் ஏஐயிடம் விளக்கம் கேளுங்கள். விடையை அப்படியே எடுத்து ஒட்டினால் கை பழகாது.

பழகுவதற்கு ஒரு வேலை தருகிறேன். அப்பாவின் கடல் கணக்கைப் புரோகிராம் ஆக்குங்கள். ஒவ்வொரு நாளும் எண்ணெய்க்கு எவ்வளவு, ஐசுக்கு எவ்வளவு, எத்தனை கிலோ என்ன மீன், வாடியில் என்ன விலை போனது, கூடப் போனவர்களின் பங்கு எவ்வளவு, கையில் மிஞ்சியது எவ்வளவு. முதலில் பைதனில் எண்ணைக் கேட்டுக் கூட்டிக் கழித்துக் காட்டினால் போதும். பிறகு அதை எஸ்கியூஎல் அட்டவணையில் சேமியுங்கள், பிறகு போனில் பார்க்கக்கூடிய பக்கமாக்குங்கள். அப்பா 'பங்கு அப்படிப் பிரிக்கிறதில்லை' என்று சொல்லும்போது திரும்பத் திருத்துவீர்கள் பாருங்கள், கம்பனிகளில் நாள் முழுக்க நடப்பது அந்த வேலைதான். செய்ததைக் கிட்ஹப் என்ற இணையத்தளத்தில் போட்டு வையுங்கள். நேர்முகத்தில் ஆறு சான்றிதழை விரித்து வைப்பவரிடம் கேட்க அவர்களுக்கு அதிகம் இருக்காது, இதைக் காட்டினால் அரை மணித்தியாலம் கேள்வி கேட்பார்கள், ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் பதில் இருக்கும்.

ஆங்கிலத்துக்குத் தனியாக ஒரு கோர்ஸ் தேடி அலைய வேண்டாம். பைதனின் விளக்கப் பக்கங்களில் ஒன்றை ஒவ்வொரு நாளும் வாசித்து, விளங்காத சொற்களை எழுதி வையுங்கள். சிங்களம் கொஞ்சம் கதைப்பீர்கள் என்றால் அதையும் விடாதீர்கள், கொழும்பில் உதவும்.

இரண்டு மாதம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். எந்தப் பகுதியில் நேரம் போனது தெரியாமல் இருந்தீர்கள், எங்கே சலித்தது, எங்கே மாட்டினீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். சாதாரணதரக் கணிதப் பெறுபேற்றையும் சேர்த்து எழுதுங்கள், சேர்க்கைத் தகைமையைப் பார்க்க அது தேவைப்படும். விண்ணப்ப முடிவுத் திகதி எதுவும் அதற்கிடையில் வந்தால் காத்திருக்காமல் அரச நிறுவனங்களுக்கு விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.