சேலத்துப் பிள்ளைகளுக்கு எந்த நுழைவுத் தேர்வு? (கேள்வி பதில்)

அம்மாபேட்டை, ஒரு தந்தை: பையன் பிளஸ் ஒன், பயோ-மேத்ஸ். நீட், ஜேஇஇ, கியூட் எல்லாமே போடச் சொல்றாங்க. போடலாமா?

வேண்டாங்க. காலேஜை முடிவு பண்ணுங்க, தேர்வு தானா வரும். கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரியோ கிண்டியோ போதும்னா நுழைவுத் தேர்வே இல்லை, பிளஸ் டூ மார்க்தான். கணக்கு முழுசா 100, இயற்பியல், வேதியியல் பாதிப் பாதி. முறையே 94, 88, 92 எடுத்தால் 94+44+46, கட் ஆஃப் 184. திருச்சி என்ஐடின்னா ஜேஇஇ மெயின், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம்னா கியூட், டாக்டர்னா நீட்.

ஓமலூர், மாணவர்: ஜேஇஇ மெயின் ஜனவரி, ஏப்ரல் ரெண்டும் எழுதணுமா?

எழுதுங்க தம்பி, கூடுதலா வந்த ஸ்கோரைத்தான் எடுப்பாங்க. மார்ச்சில் பொதுத்தேர்வு வருவதால் பாடத்தை டிசம்பருக்குள் முடிச்சாகணும். மெயின் தமிழில் எழுதலாம். ஐஐடிக்கான அடுத்த கட்டத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு ஆங்கிலம், இந்தி மட்டும்தான். ஐஐடி ஆசை இருந்தால் பிளஸ் ஒன்னிலேயே ஆங்கிலக் கலைச்சொல் பழகுங்க.

ஆத்தூர், மாணவி: நீட்டில் தெரியாத கேள்வியை விட்டுடலாமா?

180 கேள்வி, 180 நிமிஷம், 720 மார்க். சரின்னா 4, தப்புன்னா மைனஸ் 1. நாலில் ரெண்டு விடையை உறுதியா ஒதுக்க முடிந்தால் துணிந்து குறிங்க. சராசரியில் கேள்விக்கு 1.5 மார்க் லாபம். எதையுமே ஒதுக்க முடியாட்டி லாபம் கால் மார்க்தான், அதுக்கு நேரத்தைக் கொட்டாதீங்க. உண்மையான நஷ்டம் வேற இடத்தில்: தெரிந்த கேள்வியில் அவசரப்பட்டால் வரவேண்டிய 4 போய் 1-உம் கழிந்து, மொத்தம் 5 போகும். "எது தவறான கூற்று" என்பதைச் "சரியான கூற்று"ன்னு படிப்பதுதான் வழக்கமான சறுக்கல். அந்தச் சொல்லைக் கோடிட்டுட்டு விடையைப் பாருங்க. ஓஎம்ஆர் தாளில் பால்பாயிண்ட் பேனாவில் வட்டத்தை நிரப்பிட்டா மாற்ற முடியாது. பக்கத்துக்குப் பக்கம் நிரப்புங்க. கடைசி பத்து நிமிஷத்துக்கு ஒத்திப்போட்டால் வரிசை மாறிடும். உயிரியலுக்கு என்சிஇஆர்டி புத்தகத்தை வரி விடாமப் படிங்க, படத்துக்குக் கீழே உள்ள எழுத்து உட்பட.

ஏற்காடு, ஒரு தாய்: நாங்க மலையாளி பழங்குடி (எஸ்டி). பொண்ணு அரசுப் பள்ளி. என்ன எடுத்து வைக்கணும்?

எஸ்டி சாதிச் சான்று தாசில்தாரிடம் இல்லைங்க, ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) தரணும். நாளாகும், பிளஸ் ஒன்னிலேயே மனு கொடுங்க. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளின்னா மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. உதவி பெறும் பள்ளி அதில் சேராது. பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்குங்க. ஆதாரில் இனிஷியல் முன்னாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பின்னாலும் இருந்தால், விண்ணப்பம் திறக்கும் முன்னே ஆதாரைத் திருத்திடுங்க.

நீட் மே மாசம். மதியம் 1.30-க்கு கேட் பூட்டிடுவாங்க. மே சீசனில் 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி தேங்கும், அதனால் முதல் நாளே சேலம் இறங்கிடுங்க. ஷூ, முழுக்கைச் சட்டை வேண்டாம்.

மேட்டூர், ஒரு தந்தை: எம்பிசி சான்று இருக்கு. ஐஐடி, என்ஐடிக்கு அது போதுமா?

போதாதுங்க. மத்திய அரசு படிவத்தில் ஓபிசி கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாதோர் சான்று தனியா வாங்கணும், அதுவும் அந்த வருஷ ஏப்ரல் 1-க்குப் பிந்தைய தேதியில்.